அந்த ஒரு இடம் மட்டும்

"இதுலயும் அதே இடம்தான்" என்று நான்காவது புத்தகத்தை மேஜைமேல் போட்டார் ராஸ்கோ.

நூலகர் வெர்னெல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

ஓட்டக்காரி வில்மா ருடால்ஃபைப் பற்றிய புத்தகம். அமெரிக்காவின் கிளார்க்ஸ்வில் ஊர்க்காரர்களுக்கு அவள் சொந்த ஊர்ப் பெண். போலியோ வந்து, காலில் இரும்பு மாட்டி நடந்த கறுப்பினச் சிறுமி ரோம் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வாங்கிய கதையை இந்த ஊரில் பல் முளைப்பதற்குள் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். கறுப்பின வரலாற்று மாதமான பிப்ரவரி வந்தால் பள்ளிக்கூடமே இந்தப் புத்தகங்களுக்கு அலையும்.

நூலகத்தில் அவளைப் பற்றி நாலு புத்தகங்கள். நாலும் வேறு வேறு ஆட்கள் எழுதியவை. ஆனால் நாலிலும் ஒரே இடத்தில்தான் தாள்கள் ஒட்டியிருந்தன. அவள் காலிரும்பைக் கழற்றிவிட்டு நடக்கிற இடம்.

"நம்ம பொண்ணு ஜெயிச்சது எவனுக்கோ பொறுக்கல" என்றார் ராஸ்கோ.

"அப்படின்னா தங்கம் வாங்கின பக்கத்தையில்ல ஒட்டியிருக்கணும்? அது பளபளன்னு அப்படியே இருக்கே."

ராஸ்கோ ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர். நூலகத்துக்குச் சும்மா உதவி செய்ய வருகிறவர். ஆனாலும் குற்றவாளி அகப்படாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

வெர்னெல் தாளை மூக்கருகே கொண்டுபோனாள்.

"இது பசை இல்ல, மிஸ்டர் ராஸ்கோ. ஜடை பின்னும்போது தடவுற ஜெல். தேங்காய் வாசனை வருது பாருங்க. சனிக்கிழமையானா எங்க வீடு முழுக்க இந்த வாசனைதான்."

நாலையும் கடைசியாக எடுத்துப்போனது ஒரே நூலகக் கார்டில். லட்ரீஸ். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை செய்கிறவள். அவளுடைய ஒன்பது வயது மகள் ஜுவெலுக்குப் பிறவியிலேயே இடது கால் பலவீனம். முழங்கால்வரை பட்டை கட்டித்தான் நடப்பாள்.

"கார்டை முடக்கு" என்றார் ராஸ்கோ. "பாவம் புண்ணியம் பார்த்தா நாளைக்கு ஒரு புத்தகம் மிஞ்சாது."

"அந்தக் குழந்தைக்கு இருக்கிற ஒரே சந்தோஷம் இங்க வர்றதுதான். முதல்ல கேட்டுப் பாக்கறேன்."

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் இருவரும் வந்தார்கள். ஜுவெல் நேராக அலமாரிப் பக்கம் போய்விட்டாள். வெர்னெல் லட்ரீஸைத் தனியாக ஜன்னலோரம் கூப்பிட்டுப் புத்தகங்களைக் காட்டினாள்.

லட்ரீஸ் ஒட்டிய ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். முகர்ந்து பார்த்தாள். அடுத்த புத்தகத்தையும் திறந்தாள், அதற்கடுத்ததையும்.

"யார் செஞ்சதுன்னு சொன்னாப் போதும், லட்ரீஸ்."

"நான்தான்."

"நீயா? எதுக்கு?"

"நவம்பர்ல தேங்ஸ்கிவிங் பண்டிகை சமயத்துலயே டாக்டர் சொல்லிட்டாரு, மிஸ் வெர்னெல். அவ கால் சரியாகாதாம். பட்டையை ஆயுசுக்கும் கழற்ற முடியாதாம். அவகிட்ட இன்னும் சொல்லல. சனிக்கிழமை நான் பின்னிவிட உட்கார்ந்தா, அவ இதைத்தான் சத்தமா வாசிப்பா. அந்த இடம் வந்தா..." கையிலிருந்த புத்தகத்தை மூடினாள். "இதை அவகிட்ட மட்டும் கேட்டுடாதீங்க, எதுவும் சொல்லிடாதீங்க."

வெர்னெலுக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. உண்மையைச் சொல்லத் தைரியமில்லாமல் புத்தகத்தின் வாயை அடைத்துவிட்டாளே இவள்.

"கேட்கவும் மாட்டேன், சொல்லவும் மாட்டேன். கார்டும் அப்படியே இருக்கும். ராஸ்கோவை நான் பாத்துக்கறேன், போ."

லட்ரீஸ் காரை எடுத்துவரப் போனாள். வெர்னெல் புத்தகங்களோடு மேஜைக்குத் திரும்பினாள். ஜுவெல் மேஜைக்கு வந்தாள். அங்கே இருந்த நாலில் ஒன்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இதை மறுபடி எடுத்துக்கலாமா, மிஸ் வெர்னெல்?"

"இன்னுமா சலிக்கல உனக்கு?"

"ஓடுற இடமெல்லாம் சலிக்கவே சலிக்காது." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒட்டினதுக்குத்தானே அம்மாவைத் தனியா கூப்பிட்டீங்க? நான்தான்னு சொல்லியிருப்பாங்களே."

வெர்னெல் கண்ணாடியைக் கழற்றினாள்.

"அவங்களால எப்படி ஒட்ட முடியும்? அவங்க ரெண்டு கையும் என் தலையில இருக்கும். புத்தகமும் ஜெல் டப்பாவும் என் மடியில இருக்கும்."

"அப்ப நீயா? ஏன் கண்ணு?"

"அந்த இடம் வந்ததுமே அம்மா பின்னுறதை விட்டுட்டு என் காலைத் தேய்க்க ஆரம்பிச்சிடுவாங்க. வில்மாவுக்கு வீட்டுல எல்லாரும் முறைபோட்டுத் தேய்ச்சாங்கள்ல, அதே மாதிரி. எங்க வீட்டுல அம்மா மட்டும்தானே. நாள் முழுக்க ஈரத்துணி தூக்கின கையாலேயே தேய்ப்பாங்க. தலை பாதி பின்னினபடி நிக்கும். தாள் ஒட்டிக்கிட்டா அந்த இடத்தைத் தாண்டிடலாம்ல."

"உனக்கு நல்லாகணும்னுதானேம்மா தேய்க்கிறாங்க?"

"நல்லாகாது, மிஸ் வெர்னெல். அன்னைக்கு டாக்டர் கதவைச் சரியா சாத்தல."

ஒட்டிய தாள்களை லட்ரீஸ் ஏன் அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள் என்பது வெர்னெலுக்கு அப்போதுதான் புரிந்தது. மகளின் வேலை என்று அங்கேதான் கண்டுகொண்டு, பழியைத் தான் ஏற்றுக்கொண்டிருக்கிறாள். கோபப்பட்டதற்குத் தன்மேலேயே வெட்கமாக இருந்தது.

வெளியே கார் ஹாரன் கேட்டது. ஜுவெல் புத்தகத்தை அணைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்னு அம்மாவுக்குத் தெரியவே கூடாது. தாங்க மாட்டாங்க. சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன்" என்றாள் வெர்னெல்.

சற்றுமுன் ஜன்னலோரம் அவளுடைய அம்மாவுக்குக் கொடுத்த வாக்கும் இதேதான்.