உரிமை கோரப்படாத அப்பா

குணாளனின் நிச்சயதார்த்தத்துக்கு அப்பாதான் தட்டு மாற்ற வேண்டும். அவரோ சென்னையின் அந்தப் பிரம்மாண்டமான பாதாள ரயில் நிலையத்தில், வெளிவாசலுக்கு இரண்டடி முன்னால் நின்றுவிட்டார்.

"ராகு காலம் முடியட்டும்டா. அப்புறம் வாசல் தாண்டலாம்."

"இங்க கொஞ்ச நேரம் அசையாம நின்னாலே, யாரோ விட்டுட்டுப் போன சாமான்னு ஸ்டேஷன் மெஷின் தூக்கிடும்ப்பா!"

"நான் என்ன சூட்கேஸா?"

குணாளன் தண்ணீர் வாங்கித் திரும்புவதற்குள் நிலையம் அவரைத் தூக்கிவிட்டது.

தொலைந்த பொருள் பிரிவில் இயந்திரம் நிதானமாக விசாரித்தது.

"பொருளின் நிறம்?"

"மாநிறம்."

"உள்ளே இருப்பது?"

"பிடிவாதம்."

இயந்திரம் அதை ஏற்றுக்கொண்டது. மண்டபத்திலிருந்து பெண்ணின் அப்பா விடாமல் போன் அடித்துக்கொண்டிருந்தார். பட்டு வேட்டியில் பார்சல் சீட்டு ஒட்டப்பட்டு, அப்பா தெய்வசிகாமணி நகரும் பட்டையில் வந்து சேர்ந்தார். இறங்கி நடக்கப் போனவரைக் கதவு மறித்தது.

"பொருள்கள் தாமாக நடந்து வெளியேற அனுமதியில்லை. உரிமையாளர் தூக்கிச் செல்லவும்."

குணாளன் பல்லைக் கடித்துக்கொண்டு அவரை முதுகில் ஏற்றினான். வாசலை நெருங்கியபோது காதோரம் அப்பாவின் குரல் கேட்டது.

"டேய், வலது காலை எடுத்து வை."