யாருக்காக இந்த ஜபம்?

"இன்னைக்காவது ஒரு வார்த்தை வந்துச்சா, அண்ணி?"

மைத்ரேயி கேட்டதும் தேவேஸ்வரி உதட்டைப் பிதுக்கினாள். "எங்கே, மாதாஜி? டீயில சர்க்கரை போதலைன்னு மட்டும் ஜாடை நல்லா வருது."

பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்த அவள் கணவர் சுரேசானந்த் செம்வால் அசட்டுத்தனமாகச் சிரித்தார். ரிஷிகேஷ் கடைத்தெருவில் கம்பளிக் கடை வைத்திருப்பவர். சால்வை பார்க்க வந்தவர்கள் அவர் பேச்சில் மயங்கிப் போர்வையும் சேர்த்து வாங்கிப் போவார்கள். அந்த வாய் போன மழைக்காலத்தில் திடீரென்று அடைத்துக்கொண்டது. தொண்டையில் கோளாறு எதுவும் இல்லை, முந்தின வருஷம் மகனைப் பறிகொடுத்த துக்கமாக இருக்கும் என்றார் டாக்டர்.

மறுநாளே தேவேஸ்வரி அவரைக் கையைப் பிடித்துக் கங்கைக் கரையில் இருந்த மைத்ரேயியின் தியானக் கூடத்துக்கு அழைத்து வந்துவிட்டாள். அவருக்குப் பதிலாக அவள் ஜபிப்பது என்று முடிவாயிற்று.

உள்ளங்கையில் நீர் வைத்து, யாருக்காக ஜபம் என்று சொல்லித்தான் தொடங்க வேண்டும். கணவர் பெயரைச் சொல்லும் பழக்கம் தேவேஸ்வரிக்கு இல்லை. "அங்கித்தோட அப்பாவுக்காக" என்று சொல்ல வந்தவள், மகன் பெயரைத் தாண்ட முடியாமல் முதல் நாள் உடைந்து அழுதாள். உள்ளங்கை நீர் மடியில் சிந்தியது.

இன்று நீர் சிந்தவில்லை. "அங்கித்தோட அப்பாவுக்காக" என்று தெளிவாகச் சொன்னாள். ருத்ராட்ச மாலையை எடுத்துக் கண்ணை மூடினாள். மிருத்யுஞ்சய மந்திரம் அவள் குரலில் மெல்லக் கிளம்பி, மூச்சோடு மூச்சாக ஏறி இறங்கியது. வெளியே கங்கையின் இரைச்சல் அதற்குச் சுருதி போட்டது. முடித்துக் கண் திறந்தபோது, அப்போதுதான் குளித்து வந்தவள்போல் முகம் தெளிந்திருந்தது.

"ராத்திரி தூக்கம் எப்படி, அண்ணி?" என்றாள் மைத்ரேயி.

"படுத்ததுதான் தெரியும், விடிஞ்சிடுது. போன வருஷம் மாத்திரை போட்டும் கூரையைப் பார்த்துட்டுக் கிடந்தேன். அது கிடக்கட்டும். எனக்கு என்ன, இவருக்கில்ல சரியாகணும்?"

"போன வருஷமே உங்களை வரச் சொன்னேனே. வரலையே நீங்க."

"எனக்காகவா? நல்லா இருக்கு. நான் இங்க கண்ணை மூடி உட்கார்ந்தா அங்க ரொட்டி யார் சுடுறது? இவருக்காகங்கவும்தான் ஓடி வந்தேன்." எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "பேசும்போது வாயை மூடுங்கன்னு தினம் நூறு தடவை திட்டுவேன், மாதாஜி. இப்போ 'அடியே'ன்னு ஒரு தடவை கூப்பிட்டாப் போதும்னு இருக்கு. சிவராத்திரி வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் டேராடூன் ஆஸ்பத்திரிதான். தொண்டையை அறுத்தாவது பார்த்துடச் சொல்றேன்."

செம்வால் அவசரமாகத் தொண்டையைத் தடவிக்கொண்டார். அதைப் பார்த்து அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "பயத்தைப் பாருங்க. இருங்க, ஆட்டோ பிடிச்சுட்டு வர்றேன்."

அவள் போனதும் மைத்ரேயி பெருமூச்சு விட்டாள். "எத்தனையோ பேரைத் தேத்தி விட்ட மந்திரம், அண்ணா. உங்களுக்கு மட்டும் ஏன் பலிக்கலைன்னு எனக்கே புரியலை."

செம்வால் வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு அவள் பக்கம் குனிந்தார்.

"பலிக்காம என்ன, மாதாஜி? அவ தூங்குறா, சாப்பிடுறா, இப்போ சிரிச்சுட்டுப் போறா" என்றார் தணிந்த, ஆனால் துளியும் பிசிறில்லாத குரலில். "தனக்காக ஒரு நிமிஷம் உட்கார மாட்டாளேன்னுதான் மழைக்காலத்துல நானே வாயை மூடிக்கிட்டேன். இன்னும் கொஞ்ச நாள் தாக்குப் பிடிச்சுடுவேன், நீங்க மட்டும் காட்டிக் கொடுத்துடாதீங்க."