பொட்டு வைக்காத பெட்டி

அந்தக் கம்ப்யூட்டரில் வரைந்த பாலத்தைப் பார்த்து ஒருவர் டோல் கட்டணத்துக்குச் சில்லறை தேடினார் என்று நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். வேண்டாம். இதையாவது நம்புங்கள்.

அமெரிக்காவில் செய்த அந்தப் படம் வரையும் பெட்டிக்குப் பினாங்கு ஏஜண்ட் கதிர்காமநாதன். விலை எண்பதாயிரம் மலேசிய வெள்ளி. தொண்ணூற்று மூன்றில், பக்கத்துக் கடையில் எட்டாயிரத்துக்குச் சின்னக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியதும், இவர் கடையில் ஈ கூட நின்று விலை கேட்கவில்லை.

ஜெலுத்தோங்கில் பிளாஸ்டிக் வார்க்கும் அச்சுகள் செய்கிற ஒரு பட்டறை மட்டும் அந்தப் பெட்டியை வாங்கியிருந்தது. அதில் படம் வரைகிற நவமணிக்குப் போன் போட்டார்.

"பிளாஸ்டிக் முதலாளி ஷேக் அலாவுதீனைக் கூட்டிட்டு வர்றேன். பெட்டி ஓடுறதைப் பார்க்கணுமாம்."

"இன்னிக்கா அண்ணே? இன்னிக்கு வந்து..."

"இன்னிக்கேதான் லா. இந்த வாரம் ஒண்ணாவது விக்கலேன்னா ஆபீஸை மூடச் சொல்லி அமெரிக்காவிலேருந்து கடுதாசி வந்துடுச்சு. ஆறு பேருக்கு வேலை போயிடும்."

வைத்துவிட்டார்.

பட்டறைக்குள் காலை வைத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஆயுத பூசை.

கடைசல் மெஷின், டிரில், கத்தரிக்கோல், ஓரத்தில் இருந்த எட்டாயிரம் வெள்ளிக் கம்ப்யூட்டர் எல்லாம் சந்தனமும் குங்குமமும் பூவுமாக ஓய்வில் இருந்தன. நாளை வரை யாரும் தொட மாட்டார்கள்.

பெரிய பெட்டி மட்டும் மொட்டையாக ஓடிக்கொண்டிருந்தது.

ஷேக் அலாவுதீன் ஒரு சுற்றுப் பார்த்தார். "என்ன தம்பி, கத்தரிக்கோலுக்குக்கூடப் பொட்டு இருக்கு. உன் எண்பதாயிரத்துக்கு ஒரு பூவும் இல்லையே? வாங்கினவங்களே மதிக்கல. நான் எதுக்கு லா மதிக்கணும்?"

கதிர்காமநாதனுக்குக் காது சுட்டது. "ஏன் நவமணி, ஒரு பொட்டு வைக்கக் கை வலிச்சுதா?"

அவள் அவரைப் பார்க்கவில்லை. ஷேக் அலாவுதீனிடம் சொன்னாள்:

"பொட்டு வெச்சா லீவு குடுக்கணும் பாய். அந்தச் சின்னது ஒரு நாள் படுத்தா ஒண்ணும் கெட்டுப்போகாது. இது படுத்தா பட்டறையே படுத்துக்கும்."

மவுஸை நகர்த்தினாள். திரையில் மின்விசிறி இறக்கையின் அச்சு பம்பரமாகச் சுற்றியது. நிறுத்தி, குறுக்கே வெட்டிக் காட்டினாள். உள்ளே பிளாஸ்டிக் சிக்குகிற மூலை சிவப்பாகத் தெரிந்தது.

ஷேக் அலாவுதீன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இதே மூலையிலதான் போன மாசம் ரெண்டு அச்சு வீணாச்சு. இதையே சின்னதுல திருப்பினா?"

"நீங்க போய் நாசி கண்டார் சாப்பிட்டுக் கை கழுவிட்டு வரலாம் பாய். பாதி திரும்பியிருக்கும்."

அவர் குலுங்கிச் சிரித்தார். "ஆர்டர் பாரத்தை எடு தம்பி."

கையெழுத்துப் போட்டவரைக் கார் வரை கொண்டுபோய் விட்டார் கதிர்காமநாதன். நவமணியிடம் சிடுசிடுத்தது மனத்தை உறுத்தியது. திரும்பி வந்தார்.

பெரிய பெட்டி அணைந்திருந்தது. அதன் நெற்றியில் அப்போதுதான் வைத்த சந்தனம். நவமணி கிண்ணத்தோடு சரஸ்வதி படத்தின் முன் நின்றிருந்தாள்.

"கோவிச்சுக்காதே தாயே. பூசை போட்ட சாமானை நான் என்னிக்கும் தொட்டதில்ல. அண்ணன் போனை வெச்ச பிறகுதான் காலையில வெச்ச பொட்டைத் துடைச்சேன்."