அட்டை இல்லாத படம்

படத்தின் கீழே ஒட்டியிருந்த அட்டையைத் தமிழ்ச்செல்வி பிய்த்து எடுத்ததும், விழுப்புரம் கண்காட்சிக் கூடத்துக்குள் முதல் ஆளாக ஒரு பெரியவர் நுழைந்ததும் ஒன்றாக நடந்தது.

அட்டையைக் கைக்குள் கசக்கிக்கொண்டாள்.

'சிரிப்பு. கிளியனூரில் அவித்த மல்லாட்டை விற்கும் அன்புச்செல்வி.' வேர்க்கடலையை அந்தப் பக்கத்துப் பேச்சிலேயே மல்லாட்டை என்று நேற்று ரசித்து ரசித்து எழுதிய வரி. இன்று அதை யாரும் படித்துவிடக் கூடாது.

சற்று முன்புதான் அந்தப் பெண் போனில் அழுதாள். "அக்கா, பேரு ஊரு எதுவும் போடாதீங்க. வூட்டை எதுத்துக்கினு கல்யாணம் பண்ணவங்க நாங்க. அண்ணனுங்க கையில மாட்டுனா அவரை உசுரோட வுட மாட்டாங்க."

கண்காட்சி அழைப்பிதழில் இருந்தது அவள் முகம் மட்டும்தான். ஆனால் அது வாட்ஸப்பில் ஊரெல்லாம் சுற்றிவிட்டது. படத்தையே கழற்றிவிடலாம் என்று தமிழ்ச்செல்வி கை வைப்பதற்குள் பெரியவர் நேராக அதன் முன்னால் வந்து நின்றுவிட்டார். மற்ற படங்களை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"இது எந்த ஊரும்மா?"

"கிருஷ்ணகிரிப் பக்கங்க." வாயில் வந்த ஊரைச் சொல்லிவைத்தாள்.

"பொண்ணு பேரு?"

"கேட்டுக்கலைங்க."

அவள் கைக்குள் கசங்கிக் கிடந்த அட்டையை ஒரு தரம் பார்த்தார். பிறகு சட்டத்தின் கண்ணாடியில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து, படத்தை மூலை மூலையாகத் துழாவினார். மனுஷனைப் பிடித்து வெளியே தள்ளிவிடலாமா என்று தமிழ்ச்செல்விக்கு ஆத்திரம் வந்தது.

வலது ஓரத்தில் அவர் விரல் நின்றது. பெண்ணுக்குப் பின்னால், தூரத்தில் ஒரு பஸ். உற்றுப் பார்த்தால் அதன் நெற்றியில் 'திண்டிவனம் - புதுச்சேரி. வழி: கிளியனூர்.'

அவளே எடுத்த படம். எத்தனையோ தடவை பார்த்த படம். அந்த எழுத்து மட்டும் கண்ணில் பட்டதே இல்லை.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள்.

"அட்டையை இங்க ஒட்டும்மா." பெரியவரின் விரல் பஸ்ஸை மறைத்தபடியே இருந்தது. "படத்தைக் கழட்டாத, சந்தேகம் வந்துடும். என் பசங்க ரெண்டு பேரும் பைக் எடுத்துக்கினு வந்துக்கினு இருக்கானுங்க."

அப்படியென்றால் இவர் அந்த அண்ணன்களின் அப்பா. தமிழ்ச்செல்வி புது அட்டையும் பேனாவும் எடுத்தாள்.

"தலைப்பு என்னங்க போடறது?"

அவர் அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊரு நீ சொன்னதையே போட்டுக்கோ. தலைப்பு, யாரோ ஒரு பொண்ணுன்னு எழுதிடும்மா."