பெற்றுக்கொண்டவர் கையெழுத்து

மூன்று ரசீதுகளிலும் கையெழுத்து அச்சடித்தது போல ஒரே மாதிரி இருந்தது. போட்டவன்தான் உயிரோடு இல்லை.

யாரினா கணக்காளராகச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. போர்முனைக்கு மருந்தும் கட்டுத்துணியும் வாங்கி அனுப்பும் சின்ன அறக்கட்டளை அது. உக்ரைனின் தெர்னோபில் நகரில், மூடிக்கிடக்கும் ஒரு தையற்கூடத்தின் மாடியில் இரண்டே அறைகள்.

காலையில் வேலைக்கு வரும் வழியில், நாடக அரங்கின் முன்னால் புதிதாக வைத்திருந்த வீரர்களின் படங்களைப் பார்த்தபடி நடந்தாள். ஆறாவது படத்தில் கால் நின்றுவிட்டது. மார்க்கியான் ஹோலுப், மருத்துவ உதவியாளர், வயது இருபத்தாறு. இறந்தது பிப்ரவரி ஒன்பது.

நேற்றுச் சாயங்காலம்தான் அந்தப் பெயரைக் கணக்கில் ஏற்றியிருந்தாள். மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதமும் சரக்கைப் பெற்றுக்கொண்டதாக அவன் கையெழுத்துப் போட்டிருந்தான்.

ஜனவரி ரசீதை எடுத்து ஒப்பிட்டாள். கடைசி எழுத்தின் சுழிகூட மாறவில்லை. பழகிப் பழகிப் போட்ட கை.

ரத்தப்போக்கை நிறுத்தும் இறுக்குப்பட்டை மட்டும் நூற்று எண்பது போயிருந்தது. வெளியே கொண்டுபோனால் சுடச்சுட விலைபோகும் பொருள். வெள்ளிக்கிழமைக்குள் ரசீதுகள் டென்மார்க் போய்ச் சேர வேண்டும். பணம் அனுப்புகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். ஒரு பொய்க் காகிதம் கண்ணில் பட்டாலும் பணம் நின்றுவிடும். கூடவே பதினொரு படைப்பிரிவுகளுக்குப் போகும் மருந்தும் நிற்கும்.

தலைவரைக் கேட்கலாமென்றால் அவர் போலந்து எல்லையில் சுங்கத்தில் மாட்டிய ஓர் ஆம்புலன்ஸை மீட்க நின்றுகொண்டிருந்தார். போனை எடுக்கவில்லை.

மார்க்கியான் இருந்த படைப்பிரிவுக்குச் சரக்கு கொண்டுபோவது ஸ்தெஃபா. முப்பது வருடம் மின்கம்பியில் ஓடும் டிராலி பஸ் ஓட்டியவள், இப்போது சம்பளம் வாங்காமல் அறக்கட்டளையின் வேனை ஓட்டுகிறாள். அந்தப் பாதைக்கு வேறு ஓட்டுநரை அனுப்பக் கூடாதென்று ஆரம்பத்திலேயே சொல்லிவைத்திருக்கிறாளாம். போன வாரம் இதைக் கேட்டபோது யாரினாவுக்கு அவள்மேல் மரியாதை வந்தது. இப்போது சந்தேகம் வந்தது.

பதினொரு மணிக்கு ஸ்தெஃபா படியேறி வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“டீசல் பில்லு மூணு இருக்கு. ஒண்ணு மழையில நனைஞ்சுபோச்சு, திட்டாத. டென்மார்க்காரங்களுக்கு இஸ்திரி போட்டு அனுப்பிடு.”

யாரினா சிரிக்கவில்லை. ரசீதுகளை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தாள். “இது யாரு போட்ட கையெழுத்து அக்கா?”

ஸ்தெஃபா குனிந்து பார்த்தாள். “எழுதியிருக்கே. மார்க்கியான்.”

“அவர் பிப்ரவரியிலேயே செத்துட்டாரு. தியேட்டர் முன்னாடி படம் வச்சிருக்காங்க. பார்த்துட்டுத்தான் வரேன்.”

ஸ்தெஃபா நனைந்த பில்லை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள்.

“வச்சுட்டாங்களா?” என்றாள். “அடுத்த வாரம்னுல்ல சொன்னாங்க.”

“அப்போ தெரிஞ்சேதான் செஞ்சிருக்கீங்க.”

“ஆமா. நான்தான் போட்டேன். மூணும் நான்தான்.”

மறுப்பாள், சண்டைக்கு வருவாள் என்றுதான் யாரினா எதிர்பார்த்திருந்தாள். ரசீதுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“சரக்கு எங்க போச்சு?”

“போக வேண்டிய இடத்துக்குத்தான்.”

“இதை எப்படிக்கா நம்புறது? செத்துப்போன ஒருத்தர் பேருல கையெழுத்துப் போட உங்களுக்குக் கூச்சமா இல்ல? வேற பேரே கிடைக்கலையா?”

“கிடைக்கல” என்றாள் ஸ்தெஃபா.

பிறகு தன் போனை எடுத்து ஓர் எண்ணை அழுத்தி, யாரினாவின் முன்னால் வைத்தாள். “செவான்னு ஒரு பையன். இப்ப அங்க வைத்தியம் பாக்குறவன் அவன்தான். நீயே கேட்டுக்க. எனக்கு வண்டியில பெட்டி ஏத்தணும்.”

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.

போனில் கரகரத்த இளங்குரல் கேட்டது. யாரினா தான் யாரென்று சொல்லி, சரக்கைப் பற்றிக் கேட்டாள்.

“வந்துச்சுங்க. மூணு மாசமும் ஒழுங்கா வந்துச்சு. ஒண்ணொண்ணா எண்ணித்தான் வாங்கினேன், வேணும்னா போட்டோ அனுப்பறேன். ஏப்ரல்ல வந்த பட்டையாலதான் எங்க ஆளுங்க ரெண்டு பேரு இன்னைக்கு ஆஸ்பத்திரியில உயிரோட இருக்காங்க.”

யாரினாவுக்கு மூச்சு வந்தது. அதன் பின்னாலேயே கோபமும் வந்தது.

“அப்போ நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கலாமே. இந்த ஒரு காகிதத்தால எங்க மொத்தக் கணக்கும் பொய்யாயிடும், தெரியுமா?”

“போடலாம்னுதாங்க பேனாவை எடுத்தேன். இனிமே இதுல மார்க்கியான் பேரு வராதுல்லன்னு அவங்க கேட்டாங்க. இந்தக் காகிதத்துலயாவது அவன் இருந்துட்டுப் போகட்டும், நானே போட்டுக்கறேன்னாங்க.”

“வண்டி ஓட்டுறவங்க கேட்டா உடனே விட்டுடுவீங்களா?”



“அவனைப் பெத்த அம்மாகிட்ட எப்படிங்க மாட்டேன்னு சொல்றது?”