தீர்ப்பு வரும்வரை

“என் கேஸை இப்பவே முடிச்சு விடுங்க சார்!”

வக்கீலிடம் அதை மட்டும் கேட்டுவிடாதே என்று வழியெல்லாம் படித்துப் படித்துச் சொல்லித்தான், அவளுடைய சக்கர நாற்காலியை அண்ணன் உள்ளே தள்ளிவந்திருந்தான்.

“எங்க வீட்டுல முதல் டிகிரி சார். அந்தத் திமிர்,” என்று அசடு வழிந்தான்.

வக்கீல் சிரித்தார். “பொறும்மா. கார் மோதி இப்படி ஆன பொண்ணை ஜட்ஜ் கண்ணால பார்க்கணும். அப்பதான் நஷ்ட ஈடு கொட்டும்.”

“நாளைக்கு வேலையில சேரணும் சார்.”

“வேலையா? எதிர்த்தரப்பு வக்கீல் நம்மைக் கிழிச்சுத் தொங்கவிட்டுடுவான்!”

“அதுக்காக இதுலயே உட்கார்ந்திருக்கணுமா?”

“தீர்ப்பு வர்ற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கோ.”

அவள் எழுந்து நின்றாள்.

“கார் மோதினதுல நாலு மாசம்தான் சார் படுத்திருந்தேன். உங்க உதவியால மூணு வருஷமா உட்கார்ந்திருக்கேன்.”

“ஐயையோ, கதவு திறந்திருக்கு! உட்காரு!” என்று அண்ணன் பதறினான்.

“நீ உட்காரு. பட்ட அடியை மட்டும் ஜட்ஜ்கிட்ட நானே சொல்லிக்கிறேன்.”

நாற்காலியை அவன் பக்கம் உதைத்துத் தள்ளிவிட்டு விடுவிடுவென்று வெளியேறினாள்.

வாசலை அடைத்தபடி சக்கர நாற்காலியில் காத்திருந்த அடுத்த கட்சிக்காரர், அவள் வந்த வேகத்தைப் பார்த்து, சட்டென்று எழுந்து வழிவிட்டார்.