காம்பு காயாத பூசணி

நல்ல பூசணி எதுவென்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாகத் திரும்ப வைத்தார்.

ஆளைப் பார்த்தால் காய்கறிக் கடையில் பேந்தப் பேந்த விழிக்கிற ரகம்தான். முப்பத்திரண்டு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். எட்டாவது மாடியில் இரும்புக் கயிறு உரசுகிற சத்தத்தைக் கீழே நின்றபடியே காதால் பிடித்துவிடுவார். ஆனால் காய் என்று ஒன்றை அவர் சமீப காலம்வரை தட்டில்தான் பார்த்திருந்தார்.

இந்த மூன்று மாதத்தில்தான் எல்லாம் கற்றுக்கொண்டார். பூசணியின் தோல் பளபளக்கக் கூடாது, மங்கியிருக்க வேண்டும். நகத்தை அழுத்தினால் இறங்கக் கூடாது. மண்ணில் படுத்திருந்த பக்கம் வெளுத்திருந்தால் அவசரப்பட்டுப் பறித்த காய். மஞ்சள் ஏறியிருந்தால் கொடியிலேயே முற்றிய காய். எல்லாவற்றுக்கும் மேலே காம்பு. அது காய்ந்து கட்டையாகியிருக்க வேண்டும்.

அப்படி ஒன்று கண்ணெதிரே இருந்தது. உருவத்தை மீறிய கனம். கடைக்காரம்மா அதை எடுத்துத் தராசில் வைக்கப் போனார்.

அவர் வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, குவியலுக்கு அடியிலிருந்து வேறொன்றை உருவினார். தோல் பளபளவென்று மின்னியது. அடிப்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. காம்பு பச்சை, வெட்டிய இடத்தில் ஈரம்கூட இன்னும் காயவில்லை.

"அண்ணே, வாரா வாரம் பாக்குறேன். நல்ல காயா தேடி எடுக்குறீங்க, அப்புறம் அதை வெச்சிட்டுப் பிஞ்சா ஒண்ண வாங்கிட்டுப் போறீங்க. வீட்ல திட்ட மாட்டாங்களா?"

"திட்டுவா," என்றார் அவர். சொல்லும்போதே முகம் மலர்ந்துவிட்டது.

அதற்காகத்தானே வாங்குகிறார்.

மனைவி படுக்கையில் விழுந்து மூன்று மாதம். இனி மருந்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் அழவில்லை. தான் போனபிறகு இந்த மனுஷன் என்னத்தைச் சாப்பிடுவார் என்பதுதான் அவளுடைய முதல் கவலையாக இருந்தது. ஒரு காயை ஒழுங்காக வாங்கத் தெரிகிற வரைக்கும் உங்களை விட்டு எங்கேயும் போக மாட்டேன் என்றாள், சிரித்துக்கொண்டே.

அவர் சிரிக்கவில்லை. அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

தக்காளி, வெண்டைக்காய், உருளைக்கிழங்கு எல்லாவற்றிலும் முதல் மாதத்திலேயே தெரியாத்தனமாகத் தேறிவிட்டார். மிச்சமிருந்தது பூசணி ஒன்றுதான். அதில் மட்டும் தேறிவிடக் கூடாது என்று முடிவு கட்டினார்.

முதல் தடவை பிஞ்சைக் கொண்டுபோனபோது, இரண்டு நாளாக வாயே திறக்காதவள் எழுந்து தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாள். மிஷினைப் பார்க்கத் தெரிகிற கண்ணுக்குக் காயைப் பார்க்கத் தெரியாதா என்று ஆரம்பித்துக் கால்மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினாள். பிறகு காம்பிலிருந்து தொடங்கி மறுபடி பாடம். பேசிய களைப்பில் அரை டம்ளர் கஞ்சிகூடக் குடித்தாள்.

அன்றிலிருந்து வாரம் தவறாமல் ஒரு பிஞ்சுக் காய். வெந்தால் சப்பென்று தண்ணீராக நிற்கும். அவரே உட்கார்ந்து முழுவதையும் தின்று தீர்ப்பார். கட்டிய மனைவியிடம், இந்த வயதில், இப்படியொரு திருட்டுத்தனமா என்று வெட்கமாகத்தான் இருக்கும். ஆனால் பயம் வெட்கத்தைவிடப் பெரியதாக இருந்தது.

இன்று வழியெல்லாம் அவள் எப்படித் திட்டுவாள் என்று யோசித்துக்கொண்டே நடந்தார். இவ்வளவு மோசமான காயை இதற்குமுன் வாங்கியதில்லை. குறைந்தது அரைமணி நேரமாவது தாங்கும் என்று கணக்குப் போட்டார்.

காயை அவள் பக்கத்தில் படுக்கையிலேயே வைத்தார். போன வாரம் வரை அவளே இழுத்து உருட்டிப் பார்ப்பாள். இன்று அவர்தான் அவள் கையை எடுத்துக் காம்பின்மேல் வைக்க வேண்டியிருந்தது. விரல்கள் அந்த ஈரத்தை ஒருமுறை தடவிவிட்டு நின்றுவிட்டன.

வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாதிரி அவர் கட்டிலோரம் உட்கார்ந்து காத்திருந்தார்.

அவள் காயைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நல்ல காய்ங்க," என்றாள். "கத்துக்கிட்டீங்க."

அவர் காயை அவசரமாகத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே புரட்டிக் காட்டினார்.

"இல்லம்மா, சரியா பாரு. காம்பு பச்சையா இருக்கு. அடி வெளுத்திருக்கு. நகம் பட்டாலே இறங்குது. இது பிஞ்சும்மா. கொடியில இன்னும் ஒரு மாசம் கெடந்திருக்கணும்."

அவள் சிரித்தாள்.

ஒன்றுவிடாமல் சரியாகச் சொல்லிவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.